மருமகனுக்காகப் பார்த்த றிவோல்வர்

அன்று அந்தத் துவக்குக் கடையில் இருந்தவர்கள்: யாக்கோப்பு ஆகிய நான், என் மகள் இம்மாகுலேற், எங்களைக் காரில் கூட்டிச்சென்ற நண்பர் குலசேகரம், கடைக்கார வெள்ளைக்காரர். வேறெவரும் இல்லை.

அது 1987ஆம் ஆண்டு மாசி மாதம். இம்மாகுலேற் தன் கணவனை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கணவன் மனுவேற்பிள்ளை என் சொந்தத் தங்கையின் மகன். அவள் வேலைக்குப் போகையில் லண்டன் அப்டன் பார்க் ரயில் நிலைய வாசலில் வழிமறித்து, கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருந்தான். பொலிசுக்குப் போகிறேன் என்றாள் மகள். எங்கள் குடும்பப் பெயர் பொலிஸ் நிலையம் ஏறக்கூடாது என்றேன். கைக்கு அடக்கமான றிவோல்வர் ஒன்று அவளுக்குக் காவலாக இருக்கட்டும் என்று முடிவெடுத்ததும் நான்தான்.

கடைக்காரர் அனுமதிப்பத்திரம் கேட்டார். அது பிறகு எடுப்போம், முதலில் பார்க்கிறோம் என்றேன். சற்று யோசித்துவிட்டு, சிலவற்றை எடுத்துத் துணியின்மேல் வைத்தார்.

"அண்ணை, இந்தக் குட்டி நல்லாயிருக்கு. பிள்ளையின்ர கைப்பைக்குள்ள பவுடர் டப்பா மாதிரிக் கிடக்கும்," என்றார் குலசேகரம்.

சிறியதுதான் கையை அதிகம் உதைக்கும், விசையும் இறுக்கம் என்றார் கடைக்காரர். குண்டில்லாத அதை மகளிடம் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொன்னார்.

விசை அசையவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்தினாள். சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டைச் சுற்றி நீலம் பாரித்த விரல் தடங்கள். நான் அதுவரை அவற்றைக் கண்டதில்லை.

யாருக்குப் பயந்து வாங்குகிறீர்கள் என்று கடைக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"கள்ளருக்கு," என்றேன்.

அவர் அவள் கையைப் பார்த்தபடி, தற்காப்புக்கென்று இந்த நாட்டில் அனுமதி கிடைக்காது என்றார். பிறகு அவளிடம் மட்டும், பொலிசுக்குத் தொலைபேசி எடுக்கட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம், இது குடும்ப விஷயம் என்றேன். கள்ளர் என்று சொன்ன அதே வாயால்.

குலசேகரம் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். அது அவிழ்ந்திருக்கவில்லை.

"அப்பா," என்றாள் இம்மாகுலேற். "நான் இதால அவரைச் சுட்டால் பொலிஸ் வராதோ?"

"மெல்லக் கதை, பிள்ளை."

"இவருக்குத் தமிழ் விளங்காது. மனுசனைச் சுடலாம், ஆனா பேரைச் சொல்லக்கூடாது. அப்பிடித்தானே அப்பா?"

தமிழ் விளங்காத அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்கக் கூசி, ஏற்கெனவே பளபளத்த மேசைக் கண்ணாடியைத் துடைத்தார்.

அவள் றிவோல்வரை வைத்துவிட்டு வெளியே நடந்தாள். நான் பின்னால் போனேன். பொலிஸ் நிலையத்தில் மனுவேற்பிள்ளையின் பெயரை எழுத்தெழுத்தாக அவள் சொல்லும்போது நான் தலை நிமிரவில்லை.

யாக்கோப்பர் மகளுக்குத் துவக்கு வாங்கிக் கொடுத்து மருமகனைத் துரத்தினார் என்று பூசை முடிந்து கோயில் வாசலில் பெருமையாகக் கதைக்கிறார்கள். அது பிழை. நான் துவக்கு வாங்கவில்லை. அவனைத் துரத்தியது என் மகள் கொடுத்த முறைப்பாடு.