சைதாப்பேட்டை சோடா கம்பெனியின் கிணறு

1969ஆம் ஆண்டு ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சைதாப்பேட்டை ஆற்றோரம் இருந்த சோடா கம்பெனியின் கிணற்றில் தண்ணீருக்குப் பதிலாக பீர் ஊறியது. முதலில் இறைத்த தொழிலாளி மெஹபூப் பாஷா வாளியை முகர்ந்து பார்த்துவிட்டு, முதலாளி தங்கபுஷ்பத்திடம், “அக்கா, நம்ம கிணறு குடிச்சிட்டு வந்துகீது” என்றார்.

அந்தக் கம்பெனியை 1878இல் ஒரு வெள்ளைக்காரர் தொடங்கினார். கப்பலில் பீப்பாயாக வந்த பீரைப் பாட்டிலில் அடைத்து, கூடவே சோடாவும் போட்டு, பரங்கிமலைப் பட்டாளத்துக்கு மாட்டுவண்டியில் அனுப்பினார்கள். பின்னாளில் அதை அய்யாதுரை வாங்கினார். மதுவிலக்கு வந்ததும் பீர் போய் சோடா மட்டும் மிஞ்சியது. அவர் காலமான பிறகு, மனைவி தங்கபுஷ்பம் எட்டு ஆட்களை வைத்துக் கம்பெனியை நடத்திவந்தார்.

எதையும் மறைத்துப் பழக்கமில்லாத தங்கபுஷ்பம் தாமே மதுவிலக்கு அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி வந்து வாளியைப் பார்த்து, “இன்னாம்மா இது, எங்க வெச்சுக் காய்ச்சினே?” என்றார். பரிசோதனைக்கு அனுப்பியதில், நல்ல பீர்தான், ருசி கொஞ்சம் பழைய காலத்தது என்று பதில் வந்தது. கோர்ட்டில் நீதிபதி கேட்டபோது தங்கபுஷ்பம், “நான் காய்ச்சலங்க, அதுவா ஊறுது. கைது பண்றதுன்னா கிணத்தப் பண்ணிக்குங்க” என்றார். காய்ச்சியவர் என்று யாரும் இல்லாததால் அவரை விட்டுவிட்டு, கிணற்றில் நான்கு லாரி கல்லைக் கொட்டினார்கள். மறுநாள் காலை பார்த்தால், நுரை பொங்கி அத்தனை கல்லையும் மேலே தூக்கி, கிணற்றைச் சுற்றி ஒழுங்காக வைத்திருந்தது.

அதன் பிறகு கம்பெனிக்கே சீல் வைக்க வந்தார்கள். அவர்கள் அரக்கு உருக்குவதற்குள் தங்கபுஷ்பம் ஆட்களோடு சேர்ந்து சோடாவுக்கு கேஸ் ஏற்றும் மெஷினைத் தூக்கி நடைபாதையில் வைத்துவிட்டார். பாட்டில் கழுவிக்கொண்டே, “கதவுக்கு வெச்சிட்டீங்க சார், சரி. தெருவுக்கு வையுங்க பாக்கலாம். இங்க எட்டு வூட்டு அடுப்பு எரியணும்” என்றார். கோதண்டபாணி ஒரு பன்னீர் சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். இரண்டு மழைக்காலம், இரண்டு கோடை, தங்கபுஷ்பம் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரில் நடைபாதையிலேயே சோடா போட்டார். ஒரு நாளும் லீவு விடவில்லை.

1971இல் மதுவிலக்கை எடுத்தார்கள், சீலும் போயிற்று. கிணற்றை வாங்க ஒரு சாராயக் காண்டிராக்டர் காரில் வந்து இறங்கினார். அன்று காலைதான் கிணற்றில் தண்ணீர் ஊறியிருந்தது, இளநீர் போன்ற தண்ணீர். நாலைந்து வாளி இறைத்துப் பார்த்த காண்டிராக்டர், “ஒரு கிணத்துக்கு இவ்ளோ திமிரா?” என்று கத்தினார். “ஏன், எனக்கு மட்டும் கம்மியாவா கீது?” என்று கேட்டார் தங்கபுஷ்பம்.

1974இல் மதுவிலக்கு திரும்ப வந்தது, அன்றைக்கே கிணற்றில் பீரும் வந்தது. இனி இந்தக் கிணறு சட்டப்படி நடக்கும் என்று கையெழுத்துப் போட்டுத் தரும்படி அலுவலகம் கடிதம் அனுப்பியது. ‘அது என் பேச்சையே கேட்பதில்லை. நான் உங்கள் பேச்சைக் கேட்கப்போவதில்லை’ என்று தங்கபுஷ்பம் பதில் எழுதினார். அதற்கு ஓர் எண் போட்டுக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். அதிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு குமாஸ்தா வருவார். வாளி விட்டு இறைத்து, முகர்ந்து, நோட்டில் ‘பீர்’ என்று எழுதுவார். ஒரு சோடா குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்.