ஏழாவது கல்

சரவணம்பட்டியில் வாடகைக்கு வீடு தேடிய அந்த இரண்டு மாதம் ரெபேக்காவுக்கு லேசில் மறக்காது. பேரைக் கேட்டதும் முகம் மாறாமல் மாடிப் போர்ஷனைக் கொடுத்தவள் செவ்வந்தி ஒருத்திதான். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை பக்கெட்டில் நுரை சிவந்தபோது ரெபேக்காவுக்கு அந்த அலைச்சல் ஞாபகம் வந்தது.

விளையாட்டு என்னவோ சாதாரணம்தான். ரெபேக்காவின் மகன் ஜெஃபினும் செவ்வந்தியின் மகள் அக்ஷிதாவும் கல் பொறுக்கி வருவார்கள். இரண்டுக்கும் ஐந்து வயது. முதலில் கண்ணை மூடித் தடவிப் பார்க்க வேண்டும், பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், கடைசியில் ஆணியால் கீறி எது கெட்டி என்று பார்க்க வேண்டும். நல்லவேளை, ஆணியை இன்னும் எடுக்கவில்லை. சோப்பு பட்டுச் சிவப்பது மஞ்சள்தான் என்று தெரியாமல் இருக்க, ரெபேக்கா என்ன துணி துவைக்காதவளா?

"அக்ஷிதா கண்ணு, இதெல்லாம் எங்கிருந்து எடுத்தாந்தே?"

"வேப்பமரத்தடியில ஆன்ட்டி. ஏழு இருந்துச்சு."

கன்னிமார்! செவ்வந்தி வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிக் கும்பிடும் ஏழு கல். சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிடலாமா என்றுகூட ரெபேக்காவுக்குத் தோன்றியது. மனசு கேட்கவில்லை. இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டாள்.

செவ்வந்தி மேலே வந்து பக்கெட் முன்னால் உட்கார்ந்தாள். ஆறு கல்லில் குங்குமக் கறை மிச்சம் இருந்தது. ஏழாவது சுத்தமாக வெளுத்து, பிள்ளைகள் வேறெங்கோ பொறுக்கி வந்த கற்களோடு கலந்துபோயிருந்தது. ஒன்றை எடுப்பாள், உற்றுப் பார்ப்பாள், கீழே வைப்பாள்.

"பத்து வருசமா பூசறேனுங்க. மஞ்சள் போனா அடையாளமே தெரியலீங்களே!" அவள் கண் கலங்கிவிட்டது.

"தப்பு என்னோடதுங்க. வேணும்னா நாங்க ஊட்டைக் காலி..."

"செத்த சும்மா இருங்க."

யாரும் சொல்லாமலே அக்ஷிதா கண்ணை மூடிக்கொண்டாள். கற்களை ஒவ்வொன்றாகத் தடவி, ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதானுங்கம்மா. இதுல ஒரு குழி இருக்குது."

செவ்வந்தியும் கண்ணை மூடி வாங்கினாள். கட்டைவிரல் தானாகப் போய்க் குழியில் உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சளைத் தேய்க்க விரல் ஊன்றுகிற அதே இடம்.

"இவதானுங்க" என்றாள். மகள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டு ரெபேக்காவைப் பார்த்தாள். "உங்க ஊட்டுல மஞ்சத்தூள் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க, இருக்குதுங்க" என்று ரெபேக்கா சமையலறைக்கு ஓடினாள். டப்பாவைத் திறக்கும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.