தோற்பதற்குள் எழுந்த கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரர் ஞானசீலனுக்குப் பயம் என்பது போட்ட சட்டை மாதிரி. கழற்றி நான் பார்த்ததில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், பக்கத்து லயத்து வீடுகள்மேல் கல் விழுந்ததாம் என்று யாரோ சொன்னதற்கே, இந்தியாவுக்குத் திரும்ப முதல் ஆளாகப் பெயரைப் பதிந்து கப்பலேறியவர். தேவாலா எஸ்டேட்டில் துரை முறைத்தார் என்று அங்கிருந்தும் கிளம்பினார். கடைசியில் குன்னூரில், மரியஅந்தோணி என்பவரின் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் தற்காலிக மெக்கானிக் வேலை கிடைத்தது. கம்பெனி கொடுத்த ஒற்றை அறையில் குடியிருந்தோம்.

எண்பத்திரண்டில் வெலிங்டன் கிளப்புக்கு வெளிநாட்டு கிராண்ட்மாஸ்டர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. மரியஅந்தோணிக்குத் தன் கம்ப்யூட்டரை அவரோடு செஸ் ஆடவிட ஆசை. செஸ் புரோகிராம்கள் இரண்டு வைத்திருந்தார். கம்பெனியில் செஸ் தெரிந்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

“ஏனுங்க ஞானசீலன், எதைய ஆட வைக்கலாம்னு நீங்களே சொல்லிப்போடுங்க. கிளப்புல மானம் போகாம இருந்தா உங்க வேலையப் பெர்மனன்ட் பண்ணிப்போடறேன்” என்றார்.

மானம் போனால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அதையே நினைத்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டையும் மோதவிட்டுப் பார்த்தார். பலம் ஒன்றுதான், குணம்தான் வேறு. ஒன்று கடைசிக் காய் வரை மல்லுக்கட்டும். மற்றது தோற்கப்போகிறோம் என்று கணக்கில் பட்டதுமே, விலகிக்கொள்வதாகத் திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும்.

“மல்லுக்கட்டுறதையே போடுங்க” என்றேன்.

“வேணாம் யூனிஸ். அத்தனை பேர் முன்னால அடி வாங்கிக்கிட்டே இருக்கும். அதுக்கு மரியாதையா எழும்பிப் போறது எவ்வளவோ மேல்.”

“ஆடப்போறது அது. நீங்க இல்ல.”

கேட்கிற காதா அது?

கிளப்பில் இவர்தான் திரையைப் பார்த்துப் பார்த்துக் காய் நகர்த்தினார். கை தட்டிக் குதிரை சாய்ந்து விழுந்தது. நான் பின்னால் நின்று ஜெபித்தேன். இந்த அறையும் போனால் எங்கே போவது, கர்த்தரே?

கிராண்ட்மாஸ்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து ஒரு காயை நகர்த்தினார். உடனே கம்ப்யூட்டர் விலகிக்கொண்டது.

அந்த மனுஷன் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரின் யானையைத் தானே எடுத்து வேறு கட்டத்தில் வைத்துக் காட்டி, இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மரியஅந்தோணியின் முகம் கறுத்துவிட்டது.

“கேட்டீங்களா? இப்படி நகர்த்தியிருந்தா அவர்தான் தோத்திருப்பாராமுங்க. காலைல என்னைய வந்து பாருங்க.”

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி வைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால், டிரங்குப் பெட்டி நடு அறையில் திறந்து கிடக்கிறது. என் சேலைகளை அதில் அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

“என்ன பண்றீங்க?”

“அவர் வெளிய போன்னு சொல்றதுக்கு முந்தி நாமளே போயிருவோம். கூடலூர் பஸ் இன்னும் இருக்கு.”

எனக்கு வந்ததே கோபம்! பெட்டியைப் படாரென்று மூடி அதன்மேல் உட்கார்ந்தேன். 

“எனக்கும் பயந்தான். போகச் சொன்னாரா? இல்லல்ல? அவர் சொல்லாம நான் எழும்ப மாட்டேன்.”

அவர் என் சேலை ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“சொல்லிட்டா?”

“அப்பவும் எழும்ப மாட்டேன். ஏன்னு கேப்பேன்.”