மாப்பிள்ளை முறை

கட்டு நழுவியிருந்த தம்பியின் கால் பெருவிரல்களை வள்ளித்தாய் மறுபடி சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, வெளியே அவள் புருசனின் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. எங்கே போகிறார் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். கொட்டுக்காரர்களுக்கும் பாடை தூக்குகிறவர்களுக்கும் பிராந்தி வாங்கப் போகிறார், வீட்டு மாப்பிள்ளை வாங்கித் தருவதுதானே முறை, பெரியப்பா சுடலைதான் அனுப்பினார் என்றாள் அவள்.

வள்ளித்தாய் பாதி முடிச்சோடு நிமிர்ந்தாள். போயும் போயும் அவள் புருசன் இருளாண்டியையா அனுப்புவார்கள்? பெரியப்பாவுக்குப் புத்தி புல் மேயப் போயிருந்ததா?

தம்பி பாலகுருவுக்கு முப்பத்திநாலு வயது. குடியை விட நினைக்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை, விருதுநகரில். நேற்று மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் யாரையும் கடிந்து பேசியதில்லை. குடித்துவிட்டு வாசலில் கிடந்த அக்கா புருசனையே குளிப்பாட்டிச் சோறு போட்டு, பதினோரு மாதமாய்ப் பேசிப் பேசியே குடி பக்கம் போகாமல் வைத்திருந்தான். இன்று வாசல் நிறைய அப்படிப்பட்டவர்கள்தான் நின்றார்கள். ஒருவர் முகத்திலும் ரத்தமில்லை.

இருளாண்டிக்கு நாரணாபுரத்தில் பட்டாசு மருந்து கலக்கிற வேலை. வெயில் ஏறுமுன் கலந்து முடிக்க வேண்டும். குடித்த கை நடுங்கி ஓர் உரசல் உரசினால் போதும், அறையில் ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள். துக்கம் கேட்க வந்த போர்மேன் லட்சுமிகாந்தம், தீபாவளி ஆர்டர் நிற்கிறது, நாளைக் காலையில் ஆளை அனுப்பிவிடு தாயி என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

போன ஆளைக் காணோம். கடை நடக்கிற தூரந்தான். பாடை தூக்க நேரமாகிறது என்று சுடலை அவசரப்படுத்தினார்.

அப்போது ஆணியில் தொங்கிய பாலகுருவின் சட்டைக்குள் செல்போன் அடித்தது. அழுதுகொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டு நிறுத்தினார்கள். வள்ளித்தாய் எடுத்துக் காதில் வைத்தாள்.

"மாப்ள, கடை வாசல்ல நிக்கேன். பாட்டிலு கையில இருக்கு. முடியல மாப்ள."

பழக்கதோஷம். பதினோரு மாதமாய்க் குடிக்கத் தோன்றும்போதெல்லாம் அமுக்கிய நம்பரை விரல் தானாக அமுக்கியிருந்தது. யாருக்குப் பேசுகிறோம் என்று அப்புறந்தான் உறைத்ததோ என்னவோ, இருளாண்டியின் மூச்சு மட்டும் கேட்டது.

இந்த நேரத்தில் பாலகுரு என்ன சொல்லுவான்? அவள் ஒருநாளும் கேட்டு வைத்துக்கொண்டதில்லை. பாவி, சொல்லிக் கொடுக்காமலே போய்விட்டானே என்று தம்பி மேல் கோபங்கோபமாய் வந்தது.

"சாப்பிட்டீகளா?" என்றாள்.



"இல்ல."

"அங்கனயே நில்லுங்க. போனை வச்சிராதீக. நான் வாரேன்."

பாடை எடுக்குமுன் கூடப் பிறந்தவள் வாசல் தாண்டக் கூடாது என்று யாரோ கையைப் பிடித்தார்கள். உதறினாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு செருப்பில்லாமல் வெயிலில் இறங்கி நடந்தாள். பின்னால் கொட்டு தொடங்கிவிட்டது. அந்தச் சத்தத்தில், போனுக்குள் கேட்பது மூச்சா, மூடி திருகுவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு வேகமாய் நடந்தாள்.