குட்டியின் பேரில் போன ரத்தம்

நாத்தனார் பேச்சு அண்ணியிடம் என்றைக்கு எடுபட்டிருக்கிறது, அன்றைக்கு எடுபட? ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுப்பதே அவள் பிழைப்பு. இருந்தும் அந்த வீட்டில் அவள் சொல்லுக்குக் காலணா மதிப்பில்லை.

"அந்த ரத்த டெஸ்ட், எந்தச் சாப்பாடு ஒத்துக்காதுன்னு காட்டுற டெஸ்டே இல்ல அண்ணி. நாம அடிக்கடி எதைச் சாப்பிடறோமோ, அதைத்தான் காட்டும்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"உனக்கு ஊசி குத்தத் தெரியும். அவருக்கு உடம்பையே தெரியும்" என்றாள் அண்ணி. அவர் என்பது, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு போனில் பேசும் உணவு ஆலோசகர். அந்தக் கோட்டுக்குள் எந்தப் படிப்பு இருக்கிறதென்று யாரும் கேட்டதில்லை.

அண்ணன் மகள் குட்டிக்குப் பள்ளிக்குக் கிளம்பும் நேரமெல்லாம் வயிற்றுவலி. அதற்குத்தான் இத்தனை கூத்து. ஆலோசகர் சொன்ன டெஸ்டுக்கு ரத்தத்தைக் குழாயில் எடுத்துக் கூரியரில் அனுப்ப வேண்டும். "உனக்குக் கை லேசு. நீயே எடுத்துடு" என்று சொல்லிவிட்டு, ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும் அண்ணி அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குட்டி அலறித் துள்ளியதில் ஊசி நரம்பை விட்டு நழுவியது. மறுபடி குத்த அத்தைக்கு மனசு வரவில்லை. இந்தக் கண்றாவிக்கு யார் ரத்தம் போனால் என்ன என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துத் தன் கையிலேயே கட்டி, புது ஊசி போட்டுக் குழாயை நிரப்பினாள். குழந்தையின் கையில் பஞ்சை ஒட்டினாள். டெஸ்ட் புளுகு என்று தெரிந்தவளுக்கு, அந்தப் புளுகை நம்ப வீட்டிலேயே ஆள் இருக்கிறாள் என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

முடிவு வந்தது. முட்டை, பால், கோதுமை, வாழைப்பழம், வேர்க்கடலை, எல்லாமே சிவப்பு, குட்டிக்கு ஆகாதாம். எல்லாம் அத்தை நாள் தவறாமல் வளைத்துக் கட்டுபவை. வேர்க்கடலையைக் குட்டி வாயில் வைத்ததே கிடையாது. கைப்பையில் பொட்டலம் வைத்துக் கொறிப்பவள் அத்தைதான். சாப்பிடாதது எப்படிச் சிவப்பில் வந்தது என்று கேட்க அண்ணிக்குத் தோன்றவில்லை. ஆலோசகருக்கு அவசியமே இல்லை.

அத்தனையையும் அண்ணி அன்றே குட்டிக்கு நிறுத்திவிட்டாள். அத்தை அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். ரத்தத்தை மாற்றியது வெளியே தெரிந்தால் ஆய்வுக்கூட வேலை போய்விடும் என்ற பயத்தில், நாலு நாளில் அண்ணிக்கே சலித்துவிடும் என்று இருந்துவிட்டாள். சலிக்கவில்லை. குட்டியின் கவுன் தோளிலிருந்து நழுவத் தொடங்கியது. "வயித்துவலி போன இடம் தெரியல" என்று அண்ணி பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமை அடித்தாள்.

ஒரு நாள் தலை பின்னிவிடும்போது அத்தை கேட்டாள். "நிஜமாவே வலி இல்லையாடி?"

"வலிக்குது. சொன்னா அம்மா இன்னொண்ணையும் நிறுத்திடுவாங்க."

பின்னலைப் பாதியில் விட்டு எழுந்தாள் அத்தை. வேலை போனால் போகட்டும் என்று கூடத்துக்கு வந்தாள். அண்ணனும் அண்ணியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அது குட்டி ரத்தம் இல்ல. என்னோடது. குழந்தையைக் குத்த மனசு வராம மாத்தி அனுப்பிட்டேன்."

அண்ணன் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டான். அண்ணியின் முகம் வெளிறி, பிறகு சிவந்தது.

"அப்போ என் பொண்ணைப் பட்டினி போட்டது நீயா?"

 அது பாதியாவது உண்மை என்று அத்தைக்குத் தெரியும். ஆனால் அண்ணி அதோடு நிற்கவில்லை. "அப்போ இவளோட ரத்தத்தை இன்னும் யாருமே பார்க்கலை. நாளைக்கே எடுத்து அனுப்பணும். நீ அவளைத் தொடாதே, வேற ஆளைக் கூப்பிடறேன்" என்று போனைத் தேடினாள். இவ்வளவுக்குப் பிறகும் அந்த டெஸ்டின் மேல் அவளுக்கு ஒரு சந்தேகமும் விழவில்லை.

"போனைத் தொட்டே, உடைச்சிடுவேன்" என்றான் அண்ணன். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அத்தை சமையலறைக்குப் போய் முட்டை வேகவைத்து, உரித்து, இரண்டாக நறுக்கிக் குட்டியின் முன்னால் வைத்தாள். குட்டி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"வேணாம் அத்தை. அது எனக்கு விஷம்."

"யாருடி சொன்னா? இங்க பாரு, நானே சாப்பிடறேன்." அத்தை ஒரு பாதியை வாயில் போட்டு மென்றாள். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள்.

குட்டி இமைக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல எழுந்து வந்து, அத்தையின் வயிற்றில் கையை வைத்தாள்.

"வலிச்சா சொல்லாதீங்க அத்தை" என்றாள் ரகசியமாக. "அப்புறம் உங்களுக்கும் தரமாட்டாங்க."