வலப்பக்கத் தாடை

நிஷானிக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். அதுவும் தன்மேலேயே. திரையில் இருந்த இரண்டு கோட்டுப்படங்களும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தால் வேறு என்னதான் நினைப்பது? குழாயை மாற்றி வைத்துவிட்டாள், அவ்வளவுதான். "இவ்வளவு காலமாய் இதையே செய்யிறாய், ஒரு லேபலை ஒழுங்காய் ஒட்டத் தெரியாதோ உனக்கு?" என்று ஆளில்லாத ஆய்வுகூடத்தில் தன்னைத்தானே ஏசிக்கொண்டாள்.

அவளுடைய வேலை அப்படிப்பட்டது, ஒரு துளி மாறினால் எல்லாம் போச்சு. தாடை மூட்டு நோகிறவர்களுக்குக் காதுக்கு முன்னால் ஊசி போட்டு அங்கேயுள்ள நீரில் கொஞ்சம் எடுப்பாள். அதில் எந்தெந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று இயந்திரம் கோடு கீறிக் காட்டும். மூட்டுத் தேயத் தேயச் சில புரதங்கள் ஏறும். எது முதலில் ஏறுகிறது என்று தெரிந்துவிட்டால், வாய் பூட்டிக்கொள்ள முன்பே வைத்தியம் பார்க்கலாம் என்பது அவளுடைய கனவு.

ஒரு படம் றெஜினாவுடையது. பருத்தித்துறைக் கடற்கரையில் இருக்கிறவள், பிள்ளைத்தாய்ச்சி. வாய்க்குள் ஒரு விரல்கூட நுழையாது. ஸ்ட்ரோ வைத்துக் கஞ்சித் தண்ணீர் உறிஞ்சித்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இப்படியே போனால் தாயும் தப்பாது, பிள்ளையும் தப்பாது என்று கிளினிக்கில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

மற்றப் படம் அவளுடைய புருசன் ஜெரிசனுடையது. நித்திரையில் பல்லோடு பல்லை அரைத்து நறுக்கி நறுக்கித் தாடை நொந்து, போன வருசம் வந்து நீர் கொடுத்தவன். பிறகு வாடைக்காற்றுக் காலத்தில் கடலுக்குப் போனான். படகு மட்டும் கரைக்கு வந்தது.

நிஷானி றெஜினாவைத் திரும்பவும் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் புதிதாக நீர் எடுத்தாள். வலக் கன்னத்தைத் தொட்டபோது விரல் சில்லிட்டது. இடப்பக்கம் சாதாரணச் சூடுதான். றெஜினா கண்ணை மூடி அசையாமல் இருந்தாள், தாடை இம்மியும் ஆடவில்லை. ஆனாலும் அந்தக் குளிர்ந்த தோலுக்குக் கீழே ஏதோ நறநறவென்று அரைபட்டது. நிஷானி கையை வெடுக்கென்று எடுத்துவிட்டாள்.

"எப்ப தொடக்கம் வாய் திறக்கேலாமல் போனது?"

"அவருக்குக் கோயிலிலை ஆத்துமப் பூசை குடுத்த அண்டைக்கு" என்றாள் றெஜினா, பல்லிடுக்கால்.

இம்முறை லேபலை நிஷானி எழுத்தெழுத்தாகப் பார்த்து ஒட்டினாள். இடப்பக்க மூட்டு பச்சைப்பிள்ளையின் மூட்டுப்போல ஒரு பழுதும் இல்லாமல் இருந்தது. வலப்பக்கம் ஜெரிசன். வேறெவரிடமும் அவள் கண்டிராத ஒரு சின்னக் கூர் அவனுடைய படத்தின் கடைசியில் இருக்கும், அதுவும் அச்சொட்டாக அதே இடத்தில் நின்றது. ஜெரிசனின் மிச்ச நீர் மூடி திறக்காமல் பிறீசருக்குள் உறைந்து கிடந்தது. இந்தத் தடவை ஏசுவதற்கு ஆளில்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

அடுத்த நாளே அச்சுவேலியால் போகிற பஸ்ஸில் ஏறி மத்தியான வெயிலில் றெஜினா மாமியோடு இருக்கிற வீட்டுக்குப் போனாள். ஜெரிசனின் தாய் லூர்த்தம்மா மீன் சந்தையால் வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, றெஜினா நித்திரையிலை பல்லு நறுக்கிறவவோ?"

"உவளோ? சீ! அவனெல்லோ. சின்னனிலையிருந்து வலப்பக்கம்தான் நறுக்குவான்." லூர்த்தம்மா குரலைத் தாழ்த்தினாள். "இப்பவும் கேக்குது, பிள்ளை."

"எங்கை?"

லூர்த்தம்மா அவளை உள்ளே கூட்டிக்கொண்டுபோய் அலுமாரியைத் திறந்தாள். உள்ளே ஒரு தலையணை. அதற்கு ஜெரிசனின் சேர்ட் போட்டிருந்தது. கீழிருந்து மேலாக ஒரு வெள்ளைச் சீலைத் துண்டு சுற்றி உச்சியில் இறுக்கி முடிந்திருந்தது. செத்தவரின் வாய் திறக்காதபடி நாடியைக் கட்டுவார்களே, அதே கட்டு.

நிஷானி லூர்த்தம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேறை என்னத்தைச் செய்ய? உடம்பு வந்திருந்தால் நான் கட்டியிருப்பனெல்லே. என்ரை பிள்ளை கடலுக்குள்ளை வாயைத் திறந்தபடி கிடப்பான். மீன் பூந்திடும். மீன் விக்கிற எனக்கு, மீன் எங்கையெங்கை பூருமெண்டு தெரியாதே? பூசை முடிய வந்து கட்டினனான்."

பூசை குடுத்த அண்டைக்கு. நிஷானி மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை, இப்படியான கதைகளைக் கேட்டால் வாய்விட்டுச் சிரிக்கிற வீடு. "தற்செயல்" என்று சொல்ல வாயெடுத்தாள். தலையணைக்குள்ளிருந்து நறநறவென்று சத்தம் வந்தது. அவள் காதாலேயே கேட்டாள்.

"அன்ரி, அதை அவிட்டு விடுங்கோ!"

"அவிட்டால் அவனுக்கு?"

நிஷானி தானே அவிழ்ப்போம் என்று கையை நீட்டினாள். லூர்த்தம்மா தட்டிவிட்டாள். "தொடாதை! உங்கடை மெசினிட்டைப் போய்க் கேள், என்ரை பிள்ளைக்கு ஆர் வாய் கட்டுறதெண்டு!"

வாசலில் றெஜினா நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. முகத்தில் எலும்புதான் மிச்சம், கை மட்டும் வயிற்றைப் பிடித்திருந்தது. தலையணையைப் பார்த்தாள், அந்தக் கட்டைப் பார்த்தாள். அவள் அழவும் இல்லை, சண்டைக்கு வரவும் இல்லை.

"மாமி, பசிக்குது" என்றாள் பல்லிடுக்கால்.

லூர்த்தம்மா நிலத்தில் குந்திவிட்டாள். தலையணையை மடியில் கிடத்தி, தலை இருக்கவேண்டிய இடத்தைத் தடவித் தடவிக் கொடுத்தாள். பாவம் மனுசி, இரண்டில் ஒன்றை விடத்தான் வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. முடிச்சை நகத்தால் கிண்டிப் பார்த்தாள். அலுமாரிக்குள் இருந்த சீலை எப்படி நனைந்ததோ, முடிச்சு ஊறி இறுகிக் கிடந்தது. கடைசியில் குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள்.

"உப்பாய்க் கிடக்கு" என்றாள். பிறகு, "என்னை மன்னிச்சுக்கொள், ராசா" என்றாள்.

சீலை கழன்றதும் வாசலில் 'டக்' என்றது. றெஜினாவின் வாய் திறந்தது. மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தவள் அப்படியே கதவோடு சரிந்து, பூசையன்று அழாத அழுகையை எல்லாம் வாய்விட்டு அழுதாள்.

சில கிழமைகள் கழித்து நிஷானி கடைசி முறையாக நீர் எடுக்கப் போனாள். வலக் கன்னம் சூடாக இருந்தது. றெஜினா தேறியிருந்தாள், வயிறும் எடுப்பாகத் தெரிந்தது. முற்றத்தில் லூர்த்தம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றைக் கீறியதும் உள்ளே விரலை விட்டு எதையோ தேடினாள். பிறகு கழுவித் துண்டுபோட்டாள். அடுத்த மீனையும் அப்படியே செய்தாள்.

"உவளுக்கு மீன் சொதி இல்லாமல் சோறு இறங்காதாம். இருந்து சாப்பிட்டிட்டுப் போ, பிள்ளை."

மருமகளுக்கும் நிஷானிக்கும் சோறு போட்டுச் சொதியும் துண்டுகளும் அள்ளி வைத்தாள். தன் சாப்பாட்டுக் கோப்பையில் வெறுஞ்சோறும் சம்பலும் போட்டுக்கொண்டாள்.

"நீங்கள் மீன் சாப்பிடுறேல்லையோ, அன்ரி?"

"இல்லைப் பிள்ளை" என்றாள் லூர்த்தம்மா. "எது அவனிட்டைப் போயிட்டு வந்ததெண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?"