மெர்வின் இருக்கிறாரா?

செலாசி தைக்கப்போகும் கோட்டுக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது.

கானாவின் தலைநகர் அக்ராவில், கந்தமாந்தோ சந்தையில் வந்திறங்கும் பழைய துணிக்கு 'ஒப்ரோனி வாவு' என்று பெயர். வெள்ளைக்காரன் செத்துப்போனான் என்று அர்த்தம். இவ்வளவு நல்ல சட்டையை உயிரோடு இருப்பவன் எவனாவது தூக்கிக் கொடுப்பானா, செத்திருப்பான் என்று அந்தக் காலத்து ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள். இப்போது வருவதில் பாதி கரித்துணிக்குக்கூட ஆகாது. சாக்கடையை அடைத்து, கடலுக்குப் போய், மீனுக்குப் பதிலாக வலையில் மாட்டுகிறது. செலாசிக்கு அதில்தான் ஆத்திரம். அந்தச் செத்தவனுக்கு ஊரறியச் சாவு எடுத்துவிடுவது என்று கிளம்பிவிட்டாள். சனிக்கிழமை, குப்பைத்துணிக்கு எதிரான ஊர்வலம். சிவப்பும் கறுப்புமாகச் சாவுக்கோலத்தில் ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். முதுகில் செத்தவர் படம் வேண்டும்.

படம் தானாக வந்து விழுந்தது. பிரித்த மூட்டையிலிருந்து, தையல்கடையில் கூட வேலை செய்யும் பாபா அக்கா உருவிய டீ ஷர்ட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். 'தாத்தா மெர்வினுக்கு எண்பது.' பின்பக்கம் அவருடைய படகு எஞ்சின் கடையும் போன் நம்பரும். அடியில் இன்னொன்று. அதற்கடியில் இன்னொன்று. மூட்டை முழுக்கக் கிழவர்தான். கைக்குழந்தை அளவில்கூட ஒன்று இருந்தது. பலவற்றில் மடிப்பே கலையவில்லை.

"கும்பலா வந்திருக்காரு மனுஷன். முதுகு பூரா அடுக்கிடலாம்க்கா, வெட்டு," என்றாள் செலாசி.

பாபா அவளைவிட மூத்தவள், கடையில் வெட்டும் வேலை அவளுடையது. கத்திரியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆளு செத்துட்டாரான்னு தெரியாம வெட்ட மாட்டேன். இருக்கிற மனுஷன் மூஞ்சியைச் சாவுத்துணியில தைக்கிறதா? அந்தப் பாவம் என் தலையிலயா விடியணும்?"

"துணிக்குப் பேரே வெள்ளைக்காரன் செத்தான்னுதானே இருக்கு?"

"உன் பேருக்குக்கூடத்தான் கடவுள் காது குடுத்தாருன்னு அர்த்தம். நீ கத்துறதை அவரு கேட்டாராடி?"

பக்கத்துக் கடைகளும் பஞ்சாயத்துக்கு வந்தன. பல்வரிசையைப் பார்த்தால் ஆள் இன்னும் கல்லுக்குண்டு மாதிரி இருப்பார் என்றாள் ஜீன்ஸ்காரி. அந்த மீனைப் பிடித்த மறுநாளே மண்டையைப் போட்டிருப்பார் என்று சத்தியம் செய்தான் பெல்ட்காரன். கேட்கக் கேட்க செலாசிக்கே குறுகுறுப்பு தாங்கவில்லை. நம்பரைப் போட்டாள்.

"மெர்வின் பேசுறேன். எந்த எஞ்சின்?"

பாபா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயா... நீங்க உயிரோட இருக்கீங்களா?"

"காலையில பார்த்தப்ப இருந்தேன். யாரும்மா நீ?"

கானா, சந்தை, டீ ஷர்ட், கோட்டு என்று செலாசி சொன்னாள். உங்கள் குப்பையை ஏன் எங்கள் தலையில் கொட்டுகிறீர்கள் என்ற கேள்வி தொண்டைவரை வந்துவிட்டது. கிழவர் முந்திக்கொண்டார்.

"ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருச்சா! பேரன் பேத்தி எல்லாருக்கும் நானே அடிச்சுக் குடுத்தேன்மா. உங்கிட்ட வந்தது ஒண்ணுதானே?"

செலாசி மேசையைப் பார்த்தாள். குவியலின் உச்சியில் கைக்குழந்தைச் சட்டை இருந்தது.

"ஒண்ணுதான் ஐயா."

"அப்ப அது டேனியோடதுதான். எதையும் தொலைக்கிற பய. மத்ததுங்க பத்திரமா வச்சிருக்கும்." சிரித்தார். "கோட்டைத் தைச்சு முடிச்சதும் போட்டோ அனுப்பு. எல்லாருக்கும் காட்டணும்."

மூட்டை அனுப்புகிற தேசத்து ஆள் ஒருவரையாவது நிறுத்தி வைத்து நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு நாள் ஆசை! ஆள் கிடைத்தார். அழுகைதான் வந்தது.

"இப்ப என்னக்கா பண்றது?"

"இருக்காருல்ல? இருக்காருன்னே போடுவோம்," என்று பாபா கத்திரியை எடுத்தாள்.

சிவப்பும் கறுப்பும் ஓரமாய்ப் போயின. அந்த ஊரில் நல்ல காரியத்துக்கு உடுத்தும் வெள்ளையில் கோட்டு உருவானது. முதுகு நிறைய மெர்வின்கள், ஒவ்வொருவர் கையிலும் மீன். கீழே கொட்டை எழுத்தில்: 'வெள்ளைக்காரன் சாகவில்லை.'

சனிக்கிழமை அதை வாசித்துவிட்டுத் தெருவே கத்தியது. "சாகலையா? அப்புறம் எதுக்குடா அனுப்புறான்?" இந்தக் கேள்வி ஊர்வாயில் வர வேண்டும் என்றுதான் செலாசி இத்தனை பாடுபட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பாபா பின்னால் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள். "அசையாதடி, அந்த மனுஷனுக்கு அனுப்பணும்ல?"

செலாசி சட்டென்று சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டாள். முன்பக்கப் பையில் ஒரே ஒரு மெர்வின்.

"முன்னாடி வாக்கா," என்றாள். "இதை மட்டும் எடு."